அம்பும் விடையும்

மகாபாரதத்தின் ஆரணிய பருவம் நிறைவெய்தும் தறுவாயில் ஒரு குளக்கரை வருகின்றது. நீர்வேட்கையால் தளர்ந்த தமையனுக்கு நீர் கொணரப் போன நகுலனும், அவனைத் தேடிப் போன சகாதேவனும், பின்னர்ச் சென்ற அருச்சுனனும், இறுதியிற் சென்ற வீமனும், தன் வினாக்களுக்கு விடையிறுத்த பின்னரே இந்நீரைத் தீண்டலாம் என்று கண்ணுக்குப் புலனாகாத ஒரு குரல் விதித்த நிபந்தனையைப் பொருட்படுத்தாமற் பருகி, பருகிய கரையிலேயே உயிரற்று வீழ்ந்தனர். இவர்களுள் அருச்சுனன் பருகுவதற்கு முன் ஒரு காரியம் செய்தான்: குரல் வந்த திசையெங்கும் சரமாரி பொழிந்தான். காண்டீபத்தின் அம்புகள் வெட்டவெளியைத் துளைத்துச் சென்றனவேயன்றிக் கேள்வி கேட்டவனைத் தொடவில்லை. ஐந்தாவதாக வந்த தருமபுத்திரன் வில்லைப் பற்றி எண்ணவேயில்லை. நின்று விடை கூறினான். குரலுக்குரிய யட்சன் மகிழ்ந்து, தம்பியருள் ஒருவனைத் தருகிறேன், எவன் வேண்டும் என்றபோது, பலத்தில் மிக்க வீமனையோ வித்தையில் மிக்க அருச்சுனனையோ கேளாமல், தன் தாய் குந்திக்குத் தான் ஒருவன் இருப்பதுபோல் மாத்திரிக்கும் ஒரு மகன் எஞ்ச வேண்டுமென்று நகுலனைக் கேட்டான். அந்த நீதியில் உவந்து யட்சன் நால்வரையுமே எழுப்பினான். யட்சனாக வந்து வழிமறித்தவன் அறக்கடவுளே என்பது பின்னர் வெளியாகின்றது.

நம் பிரசங்கிகள் இக்கட்டத்தைத் தருமன் கூறிய விடைகளின் மாட்சிக்காகவே விரித்துரைப்பது வழக்கம். எனக்கோ அதன் அமைப்பே வியப்பளிக்கின்றது. வழியில் நின்ற தடையானது இங்கே பகைவனாக வரவில்லை, வினாவாக வந்திருக்கின்றது. அதனைப் பகைவனாக எடுத்துக்கொண்ட நால்வரும் மடிந்தனர், வினாவாக எடுத்துக்கொண்ட ஒருவன் பிழைத்ததோடு மடிந்தவர்களையும் மீட்டான். இவ்வளவு தெளிவாக இதனைக் கூறிய அதே இதிகாசம், சில பருவங்கள் கழிந்ததும், அதே தருமபுத்திரனைப் பதினெட்டு நாள் யுத்தத்தின் நடுவே நிறுத்துகின்றதே, அது ஏன்? வினாவிலே தொடங்கிய யாத்திரை கொலைக்களத்திற்குப் போய்ச் சேர்வது இதிகாச புராணங்களின் விதியா, அன்றி அவற்றைச் சொல்வோரின் இளைப்பா?

நெடுங்காலமாக மனத்தில் கிடந்த இந்தச் சந்தேகத்தைச் சற்றும் எதிர்பாராத ஒரு திசையிலிருந்து வந்த சமாசாரம் கிளறிவிட்டது. கொழும்பில் கணினித் துறையில் வேலை பார்க்கும் என் மருமகன், பொங்கல் விடுமுறைக்குக் கொட்டகலைக்கு வந்திருந்தபோது, தன் மடிக்கணினியிற் பழைய விளையாட்டுத் தொடர் ஒன்றைக் காட்டினான். கணினி விளையாட்டு என்றாலே, லயத்து வாசற்படிகளிலே கைப்பேசியைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு பையன்கள் சுட்டுத் தள்ளும் ஆட்டங்கள்தாம் என்று எண்ணியிருந்த எனக்கு, அதன் முதற் பாகம் ஒரு நாட்டுப்புறக் கதையின் நிதானத்தோடு நடந்தது பெரும் ஆச்சரியம்.

அமெரிக்காவில் கென் வில்லியம்ஸ், ரொபர்ட்டா வில்லியம்ஸ் என்னும் தம்பதியர் நிறுவிய சியரா ஆன்-லைன் என்ற நிறுவனம் 1984இல் வெளியிட்ட 'கிங்ஸ் குவெஸ்ட்' என்பதே அது. கதையமைப்பு ரொபர்ட்டா அம்மையாருடையது. டேவன்ட்ரி என்னும் சீரழிந்த இராச்சியத்தின் முதிய அரசன், கிரகாம் என்ற வீரனை அழைத்து, களவு போன மூன்று திரவியங்களை, அதாவது ஒரு மாயக் கண்ணாடியையும் ஒரு கேடயத்தையும் ஒரு பேழையையும், மீட்டு வருமாறு பணிக்கின்றான். ஆடுகிறவர் செய்ய விரும்புவதை எழுத்திலே தட்டச்சுச் செய்ய வேண்டும். எழுதிய சொல் பொருந்தினால் கிரகாம் அதைச் செய்வான். கண்ணாடியைக் காத்துக்கொண்டு தீயுமிழும் டிராகன் ஒன்று கிணற்றுக்கடியிலுள்ள குகையிற் கிடக்கின்றது. கத்தியை எறிந்து அதனைக் கொன்றுவிடலாம்; ஆட்டம் அதனை அனுமதிக்கின்றது. ஆனால் கிணற்று நீரை வாளியில் மொண்டு வந்து அதன் வாயில் வீசினாலோ, நெருப்பு அவிந்து நாணமுற்ற அந்தப் பிராணி, வழியை அடைத்திருந்த பாறையைத் தானே உருட்டிவிட்டு அகன்று போகின்றது. அங்ஙனமே பேழையைக் காக்கும் அரக்கனைக் கவணெறிந்து வீழ்த்தலாம். பொறுமையோடு காத்திருந்தால் அவன் களைத்து உறங்கிவிடுவான், அப்போது பேழையை எடுத்துக்கொள்ளலாம். மெச்சத்தக்க விஷயம் யாதெனில், இவ்விரண்டு இடங்களிலும் கொன்றவனுக்குக் குறைந்த புள்ளியும் கொல்லாதவனுக்குக் கூடுதற் புள்ளியும் கிடைக்கின்றன. கொல்லாமையை உபதேசமாக ஓதாமல் கணக்கிலே எழுதிவைத்த சாதுரியம் இது. (சூனியக்காரி ஒருத்தியை அதே கிரகாம் அவளுடைய அடுப்பிலேயே தள்ளிவிடுகிறான் என்பதையும், அதற்கும் புள்ளி உண்டு என்பதையும் மறைத்தலாகாது. அகிம்சையின் வேதமாக இவ்விளையாட்டை நான் முன்வைக்கவில்லை.)

இத்தொடர் உச்சம் எய்தியது 1992இல் வந்த ஆறாம் பாகத்தில் என்பது என் அபிப்பிராயம். அதில் கிரகாமின் மைந்தன் அலெக்சாந்தர், கொலையுண்ட அரசனையும் அரசியையும் மீட்பதற்காக உயிரோடு மறலியின் உலகுக்குச் செல்கின்றான். வழியிலே எலும்புக்கூடுகள் எதிர்ப்படுகின்றன. அவன் எலும்பினாலாகிய ஒரு வாத்தியத்தை வாசிக்கவே அவை கூத்தாடத் தொடங்கிவிடுகின்றன. இறுதியிற் சிம்மாசனத்தோடு சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருக்கும் மரணதேவனை எதிர்கொண்டு, அவன் முன்பு ஒரு கண்ணாடியைப் பிடிக்கின்றான். யுகயுகமாகத் தான் கண்டு வந்த துயரமெல்லாம் தன் முகத்திலேயே தெரிய, அழுதறியாத அந்தத் தேவன் ஒரு துளி கண்ணீர் உகுக்கின்றான்; இறந்தவர்கள் திரும்புகின்றனர். நசிகேதன் யமனைக் கேள்வியால் வென்றதையும், சாவித்திரி பேச்சினாற் கணவனை மீட்டதையும் கேட்டு வளர்ந்த நமக்கு இக்காட்சி அந்நியமன்று. மார்க்கண்டேயனுக்காகக் காலனைக் காலால் உதைத்த கதையும் நமக்கு உண்டு என்பீர்கள். உண்டு, அதற்கு வருகிறேன்.

1998இல் வந்த எட்டாம் பாகத்திற்கு 'மாஸ்க் ஆஃப் எடர்னிட்டி' என்பது பெயர். இதில் நாயகன் அரச குலத்தவனல்லன். கானர் என்னும் சாமானியக் குடிமகன். உலகத்தின் ஒழுங்கு முழுவதையும் தாங்கிநிற்கும் ஒரு புனித முகமூடி சிதறுண்டு, அதன் விளைவாக மாந்தரெல்லாம் கல்லாகிவிட, கானர் அதன் துண்டுகளைத் தேடிப் புறப்படுகின்றான். புறப்பட்ட இடத்திலிருந்து முடிவு வரை அவன் கையில் ஆயுதம். கோடரி, வாள், வில் என்று ஆயுதங்கள் மாறுகின்றன. எதிர்ப்பட்ட பிராணிகளை வெட்டி வீழ்த்த வீழ்த்த அவனுடைய பலம் படிப்படியாக உயர்கின்றது. பழைய பாகங்களின் விடுகதைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டினாலும், வழி திறப்பது பெரும்பாலும் வெட்டினாலேயே. முதற் பாகத்தைக் காட்டிய அதே மருமகனிடம், இந்தப் பிராணி யார், இதற்கு என்ன குறை என்று கேட்டேன்.

"அதெல்லாம் கேக்க இதுல நேரமில்ல மாமா. அடிச்சாத்தான் அடுத்த இடத்துக்குப் போகலாம்" என்றான்.

இம்மாற்றத்திற்கு லௌகிக காரணங்கள் உண்டு. அவற்றை நீட்டி எழுத வேண்டியதில்லை. 1993இல் வந்த 'டூம்' என்னும் துப்பாக்கி விளையாட்டு வாலிபர்களின் கண்ணையும் கையையும் ஒருங்கே கவர்ந்துவிட்டது. முப்பரிமாணச் சித்திரம் பரவிற்று. நின்று யோசிக்கும் விளையாட்டுகளின் சந்தை சுருங்கிற்று. சியரா நிறுவனமே 1996இல் கைமாறிவிட்டது. எந்தக் கலைக்கும் இது நேர்வதே. ஆனால் என் சிந்தையை உறுத்தியது வேறொன்று. முந்திய பாகங்களெல்லாம் வெறும் மாயக்கதைகள். அவற்றில் தெய்வமோ தத்துவமோ பிரமாதமாகப் பேசப்படவில்லை. இந்த எட்டாம் பாகமோ தொடர் முழுவதிலும் மிகவும் சமயச் சாயல் உடையது: சூரியனின் உலகம் ஒன்று, அங்கே புனிதப் பொருளைக் காக்கும் ஒளிமயமான காவலர், அவர்களுள்ளேயே வழிதவறி இருளுக்குத் தலைவனாகிவிட்ட லுக்ரேட்டோ, சத்தியம், ஒளி, நித்தியம் என்ற பேச்சு. அதாவது, கதை எப்போது சமயமாக உயர்ந்ததோ அப்போதே அதன் கையில் வாளும் ஏறியது. குழந்தைக் கதையாக இருந்தவரையில் டிராகனின் வாயில் நீர் வார்த்தவர்கள், பரம்பொருளைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் வெட்டத் தொடங்கினார்கள். இது ஓர் அமெரிக்க நிறுவனத்தின் வியாபாரத் தற்செயல் மட்டுந்தான் என்று தள்ளிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை; ஏனெனில் மானுட சரித்திரமும் பலவிடங்களில் இவ்வாறே நடந்திருக்கின்றது.

இதற்கு எனக்குத் தோன்றும் காரணம் இது. கிணற்றுக்கடியிற் கிடந்த டிராகனுக்கு ஒரு தனி ஸ்வபாவம் இருந்தது: அது நெருப்பாற் கர்வித்திருந்தது, நெருப்பை அவித்தால் கர்வமும் அவியும். அரக்கனுக்கு ஒரு தனி ஸ்வபாவம்: அவன் களைத்தால் உறங்குவான். மரணதேவனுக்கும் ஒன்று உண்டு: அவன் அழ மறந்தவன். எதிரில் நிற்பவன் இன்னான் என்று அறிந்தாலன்றி அந்தக் கதவுகள் திறவா. ஆனால் உலகத்தின் தீமை முழுவதையும் திரட்டி ஓர் உருவத்தில் வைத்துவிட்ட பின்னர், அவ்வுருவத்தைப் பற்றி அறிவதற்கு யாதும் எஞ்சுவதில்லை. அதன் ஏவலாளராக வருபவர்களைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். முழுத் தீமையோடு சம்பாஷணை ஏது? அறிய ஒன்றும் இல்லாதவிடத்து அழிப்பது ஒன்றே மிஞ்சுகின்றது. தீமையைப் பற்றிய ஒரு கோட்பாடு தவறாக அமைந்தால், நடுநடுவே நல்ல உபதேசம் எவ்வளவு கலந்திருப்பினும், முடிவு வாளிலேதான்.

சைவ சித்தாந்தம் இவ்விடத்தில் மிக நுட்பமான ஒரு பாகுபாட்டைச் செய்துவைத்திருப்பது நம் பாக்கியம். பதி, பசு, பாசம் என்னும் மூன்றும் அநாதி. ஆணவம் என்னும் மலம் தீயது, வலியது, அறிவை மறைப்பது. அதனோடு சமாதானம் இல்லை. ஆயினும் மலமே உயிர் அன்று. உயிரைப் பற்றிய களிம்பு அது. எந்த உயிரும் முழுவதும் மலமாகிவிட முடியாது. எந்த உயிரும் அழிந்தொழிதலும் இல்லை. ஆகவே எவ்வளவு பெரிய அசுரனாயினும் அவனுள்ளே மீட்கத்தக்க ஒரு பசு இருந்தே தீரும். பாசத்தின்மேல் விழ வேண்டிய வெட்டைப் பசுவின்மேல் விழவிடுவது சித்தாந்தத்திற்கு ஒவ்வாத காரியம். இறைவன் செய்யும் நிக்கிரகமும் அநுக்கிரகமே, பெற்றோர் பிள்ளையை அடிப்பதை ஒப்பது அது, என்று அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரிலே விளக்குவதும், அறக்கருணை மறக்கருணை என்று நம்மவர் கருணையை இருவகைப்படுத்துவதும் இந்த அடிப்படையிலேதான்.

இதைச் சமத்காரமான சமாதானம் என்று நினைப்பவர்கள், சிவபெருமான் வீரம் விளைத்த எட்டுத் தலங்களின் கதைகளை ஒருமுறை வரிசையாக எண்ணிப் பார்க்கலாம். கடவூரில் உதையுண்ட காலன், பூமி பாரம் தாங்காமல் முறையிட, மீண்டும் எழுப்பப்பட்டான். குறுக்கையில் எரிந்த காமன் இரதியின் பொருட்டு உயிர்பெற்றான். தலை அறுபட்ட தக்கன் ஆட்டுத்தலையோடு எழுந்தான். திரிபுரம் வெந்தபோதும் அன்பு மாறாத மூவர் எஞ்சி, இருவர் வாயிற்காவலராகவும் ஒருவர் முழா வாசிப்பவராகவும் அமர்ந்தனர் என்பது தேவார காலத்து நம்பிக்கை. கச்சியப்ப சிவாசாரியார் பாடிய கந்தபுராணத்திலோ, யுத்தத்திற்கு முன்னே வீரவாகுதேவர் தூது போகின்றார். யுத்தத்தின் முடிவிலே மாமரமாகி நின்ற சூரன் வேலாற் பிளவுண்டு, ஒரு பாதி மயிலாகவும் ஒரு பாதி சேவலாகவும் முருகனையே வந்து சேர்கின்றான். யாழ்ப்பாணத்துப் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் தம் நாட்டு வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்றே பெயரிட்டு அழைத்தார்கள். யுத்தம் நிரம்பிய ஒரு நூல் ஒரு சாந்தமான கலாசாரத்துக்கு ஆதாரமாக இருக்கக்கூடுமென்றால், அது வெட்டுண்டவனுக்கும் நாளை என்று ஒன்றை வைத்திருப்பதாலேயே கூடும்.

ஆகவே ஆயுதம் வந்ததா, வரவில்லையா என்பதைக் கொண்டு மட்டும் ஒரு கதையின் சமயத்தன்மையை அளத்தல் சரியாகாது. வீழ்த்தப்பட்டவன் என்ன ஆனான் என்று கேட்க வேண்டும். டிராகன் பாறையை உருட்டிவிட்டுப் போயிற்று, சூரன் மயிலானான், கானரின் வாளுக்கு இரையானவர்களோ அவனுடைய பலத்தின் எண்ணிக்கையாக மாறினார்கள். முகமூடி ஒன்றுகூடியதும் கல்லாகிய மாந்தரெல்லாம் மீண்டும் உயிர்த்தெழுவதாக அந்த ஆட்டம் முடிகின்றது. அவ்வளவு மங்களகரமான முடிவிலும் வெட்டுண்டவர்களைப் பற்றிய ஒரு நினைவுமில்லை.

பாரதம் இவ்விஷயத்தில் எவ்வளவு கணக்காக இருக்கின்றது என்பதை இப்போது நோக்கலாம். ஆரணிய பருவம் வினாக்களின் பருவம். யட்சன் மட்டுமா, வீமனைச் சுற்றிப் பிடித்த மலைப்பாம்பாகிய நகுஷனும் கேள்வி கேட்டே அவனை விடுவிக்கின்றான். பின்னர் உத்தியோக பருவத்தில் தூதுகள் நடந்து தோற்றுப்போகின்றன. அதன்பின் யுத்தம். யுத்தத்தின் வாயிலிலேயே அருச்சுனன் தேர்த்தட்டில் அமர்ந்து வில்லைக் கீழே போடுவதும், அவனுக்குச் சொல்லப்பட்ட கீதையும் நாம் அறிந்தவை. அம்பெய்வதற்கு முன் கேள்வி கேளாது குளக்கரையில் மடிந்தவன், இம்முறை அம்பெய்வதற்கு முன் கேள்வி கேட்டான் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். விடை, போர் செய் என்பதாகவே முடிந்தது. அதில் எனக்கு இன்றும் முழுச் சமாதானம் உண்டென்று சொல்லமாட்டேன். ஆனால் அத்துடன் வியாசர் எழுதுகோலைக் கீழே வைத்துவிடவில்லை. பதினெட்டு நாளின் வெற்றிக்குப் பின் பெண்களின் புலம்பலுக்கென்றே ஒரு பருவம். சரசயனத்திற் கிடக்கும் வீஷ்மரிடம் தருமன் கேட்கும் கேள்விகளுக்கென்று மிக நீண்ட சாந்தி பருவம். பல்லாண்டு கழிந்து, ஆசிரமவாசிக பருவத்தில், மாண்ட வீரரெல்லாம் ஓர் இரவு மட்டும் கங்கையிலிருந்து எழுந்து வந்து, பகை நீங்கி, உற்றாரோடு உரையாடிப் போகின்றனர். கடைசியில் மலையேறும் தருமனின் பின்னே ஒரு நாய் வருகின்றது; அதை விட்டால்தான் சுவர்க்கம் என்று இந்திரன் சொல்கின்றான்; தருமன் மறுக்கின்றான்; நாய் அறக்கடவுளாகின்றது. யுத்தம் என்ற நெடிய இடைவெளிக்கு அப்புறம், பழைய வினாவாளனே வேறு வேடத்தில் வந்து வினவுகின்றான். 'கிங்ஸ் குவெஸ்ட்' தொடர் உத்தியோக பருவம் ஒன்று இல்லாமலே வீஷ்ம பருவத்திற்குள் நுழைந்து, அங்கேயே ஆண்டுக்கணக்கில் நின்றுவிட்டது என்பேன்.

இவ்வளவையும் நூல்களைக் கொண்டே பேசுவது எங்கள் மலைநாட்டிற்கு அநீதியாகும். கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைச் சீமைகளிலிருந்து மன்னார்க் கரையேறி நடந்து வந்த எங்கள் முன்னோர், ஏட்டுச் சுவடிகளைச் சுமந்து வந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் மூன்று கூத்துகளைச் சுமந்து வந்தார்கள். காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்னும் அந்த மூன்றும், கொழுந்தெடுத்துக் களைத்தவர்கள் இராத்திரி முழுவதும் விழித்திருந்து தப்பு முழக்கத்தின் நடுவே பார்க்கும் தத்துவ சாஸ்திரங்கள் என்று நான் கருதுகிறேன்.

அருச்சுனன் தபசிலே, பாசுபதாஸ்திரம் வேண்டித் தவம் செய்வதற்காக நட்ட மரத்தின்மேல் ஏறுகின்றான் பார்த்தன். அவனுக்கு ஆயுதம் எப்படிக் கிடைக்கின்றது? வேடனாக வந்த சிவனோடு மோதி, அம்பெல்லாம் தீர்ந்து, வில்லும் பயனற்று, தோற்ற பின்னரே கிடைக்கின்றது. வெல்லும் கருவி தோற்றவனுக்கே வழங்கப்படும் என்பது எவ்வளவு விசித்திரமான ஏற்பாடு! கானருக்கோ ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு பெரிய ஆயுதம். பொன்னர் சங்கர் கதையோ முற்றிலும் வீரக்கதை, குருதிக்கதை. அங்கும் படுகளத்தோடு கூத்து முடிந்துவிடுவதில்லை. தங்கை தங்காள் தேடி வந்து, தெய்வ அருளால் அண்ணன்மாரை எழுப்பிப் பேசவைத்தாக வேண்டும். அதைப் பாராமல் எழுந்து வீடு போகும் கிழவிகளை நான் கண்டதில்லை.

காமன் கூத்தைப் பற்றிச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். மாசி மாதத்து வளர்பிறையிலே காமன் பொட்டலிற் கம்பம் நட்டு, இரதி மதனாக வேடம் புனைவோர் விரதம் காத்து, பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரித்து, மூன்றாம் நாள் எழுப்புவது மரபு. கதையின் நெஞ்சு இது: சூரனை ஒழிக்கச் சிவகுமாரன் பிறந்தாக வேண்டும், சிவனோ தவத்தில் இருக்கின்றார், ஆகவே தேவர்கள் கரும்பு வில்லும் மலர்க்கணையும் உடைய மதனை அனுப்புகின்றனர். ஆயுதமும் ஆகாமல் ஆயுதமல்லாமலும் போகாமல் இருக்கும் அந்த மலரம்புக்கு விடையாக வருவது நெற்றிக்கண்ணின் நெருப்பு. இங்கே சுவையான ஒப்புமை ஒன்று நினைவுக்கு வருகின்றது. 1988இல் வந்த 'கிங்ஸ் குவெஸ்ட்' நான்காம் பாகத்தில், கிரகாமின் மகள் ரோசெல்லாவின் கையில் மேனாட்டுக் காமனாகிய கியூபிட்டின் வில்லும் இரண்டு அம்புகளும் கிடைக்கின்றன. ஓர் அம்பு ஒற்றைக்கொம்புக் குதிரையை வசப்படுத்துகின்றது. மற்றையது லொலோட் என்னும் கொடியவளின் நெஞ்சிற் பாய, அன்பைத் தாங்கமாட்டாமல் அவள் இறக்கின்றாள். அன்பும் கொல்லும் என்று அந்தக் கதை கண்டது. கொன்றதோடு அது நின்றது. நம் கூத்தில் இரதியின் புலம்பலுக்கு மணிக்கணக்கில் இடமுண்டு. அந்தப் புலம்பல் முக்கண்ணனின் தீர்ப்பையே மாற்றுகின்றது. காமன் எரிந்தானா எரியவில்லையா என்று எரிந்த கட்சி எரியாத கட்சி பிரித்துத் தமிழ்நாட்டிலே லாவணி பாடுகின்றார்களே, அது வெறும் வித்துவச் செருக்கன்று. அழிக்கப்பட்டது உண்மையில் அழிந்ததா என்ற மூலக் கேள்வியே அது.

இந்த மலைகளிலே வாழ்கிறவன் இவ்விஷயத்தை விளையாட்டாகவும் புராணமாகவும் மட்டும் பேசிவிட்டுப் போக முடியாது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எங்கள் சனங்களை நாடற்றவராக்கியது. அந்த வாயிலின் முன் நாங்கள் எவ்வாறு நின்றோம்? 1952இல் சத்தியாக்கிரகம் இருந்தோம். மனுக்கள் எழுதினோம், வேலைநிறுத்தம் செய்தோம். இரத்தம் சிந்தாமற் போகவில்லை: 1940இல் முல்லோயாவில் கோவிந்தன், 1977இல் கொட்டகலைக்கு அடுத்த டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன், இருவரும் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தவர்கள், சுட்டது தொழிலாளர் அல்லர். பின்னர் 1986 தைப்பொங்கலை ஒட்டி, சௌமியமூர்த்தி தொண்டமானும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் ஓர் இயக்கத்தை அறிவித்தனர். வேலைநிறுத்தம் என்று அதற்குப் பெயரில்லை, பிரார்த்தனை. பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் நேரத்திலே தொழிலாளர் கோயில் முன் அமர்ந்து நாட்டில் அமைதி வேண்டிப் பிரார்த்தனை செய்வர், மலைக்கு வேலைக்குப் போவது அதன் பின்னரே. சாமி கும்பிடுகிறவனைச் சட்டவிரோதி என்பது எந்த அரசாங்கத்துக்கும் எளிதன்று. பறிக்காத கொழுந்தோ காத்திராது, முற்றிவிடும். அந்த ஆண்டே நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறிற்று. அந்த முடிவில் இராசதந்திரமும் இருந்தது, நாட்டில் அப்போது மூண்டிருந்த யுத்தத்தின் அச்சமும் இருந்தது. முழுப் பெருமையையும் பிரார்த்தனைக்கே கொடுக்கும் அளவுக்கு நான் அறியாதவனல்லன். எனினும் டிராகனின் வாயில் நீர் வார்த்த காரியம் என்று ஒன்றைச் சுட்டச் சொன்னால், கொட்டகலையில் இருந்துகொண்டு வேறெதைச் சுட்டுவது? வடக்கில் வேறு வழியிற் சென்றவர்களை இதைக் கொண்டு நியாயத்தராசில் நிறுக்க எனக்கு அதிகாரமில்லை. அவர்கள் அனுப்பிய தூதுகள் எத்தனை திரும்பி வந்தன என்பதைச் சரித்திரம் அறியும். உத்தியோக பருவத்தைப் படிக்காமல் வீஷ்ம பருவத்தைக் கண்டிக்கலாகாது.

தொடரின் கதைக்குத் திரும்பினால், பதினேழு ஆண்டுகளின் பின், 2015இல், ஒட் ஜென்டில்மென் என்னும் வேறொரு குழுவினர் 'கிங்ஸ் குவெஸ்ட்' என்ற பெயரிலேயே அதனைப் புதிதாகத் தொடங்கினர். கானரையும் அவன் வாளையும் அவர்கள் தொடர்ந்தாரில்லை. கிரகாம் முதுகிழவனாகிப் படுக்கையிலிருந்து பேத்தி குவென்டொலினுக்குத் தன் இளமைக் கதைகளைச் சொல்கின்றான். அவன் சொல்லும் முதற் கதையிலேயே பழைய டிராகன் வருகின்றது. அதனிடமிருந்து தப்புவதற்கு வீரம், கருணை, விவேகம் என மூன்று வழிகள் வைக்கப்பட்டுள்ளன. அம்பும் அவற்றுள் ஒன்று, அது விலக்கப்படவில்லை. முன்போலப் புள்ளியில் ஏற்றத்தாழ்வு காட்டி நல்வழி இதுவென்று சுட்டும் வழக்கமும் இல்லை. அதற்குப் பதிலாக, பாட்டன் எந்த வழியிற் சென்றதாகக் கதை சொன்னானோ, கேட்டிருந்த பேத்தி தன் சிறிய சச்சரவுகளில் அந்த வழியையே பின்பற்றப் பார்க்கின்றாள். புள்ளியைக் காட்டிலும் இது கடினமான கணக்கு. மருமகன் அதையும் ஆடிக் காட்டுவதாகச் சொன்னான். சித்திரை வருஷப் பிறப்பிற்கு வரும்போது பார்ப்பதாக ஏற்பாடு.